பழைய காரும் பழகிய கையும்

மனிதனுக்கு வயது ஏறினால் அவன் சொல்லுக்கு மதிப்பு ஏறும் என்பர். இயந்திரத்துக்கோ வயது ஏற ஏற மதிப்பு இறங்கும் என்பதே உலக வழக்கு. அதிலும் சிங்கப்பூரில் மோட்டார் காருக்கு வாய்த்த ஆயுள் மிகக் குறுகியது. பத்தாண்டு நிறைந்ததும் அதன் உரிமைச் சீட்டுக் காலாவதியாகிறது. பெரும் பணம் கட்டிப் புதுப்பிக்காவிடில், அது எத்துணை நன்றாக ஓடினும் பதிவிலிருந்து நீங்க வேண்டியதே. இத்தகைய ஊரில், ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் செய்யப்பட்ட இரண்டு ஆசனப் பந்தயக் காரைத் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஓய்வு நாள்தோறும் கையில் ஸ்பானருடன் அதனடியில் படுத்துக் கிடப்போர் சிலர் இருக்கின்றனர்.

இது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. பணமுள்ளோர் பலர் இதில் ஈடுபட்டிருப்பதும் உண்மையே. ஆயினும் இவ்வேலையின் உள்ளே பணத்தினும் பழமையான பொருள் ஒன்று இருக்கிறது. அது கையறிவு. அக்கையறிவின் வரலாற்றில் சிராங்கூன் ரோட்டுத் தமிழனுக்கும் பால்மரத் தோட்டத் தமிழனுக்கும் பங்கு உண்டு. அதனை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

இவ்வகைக் காருக்குக் ‘கூபே’ என்று பெயர். பெயரே ஒரு வரலாறு. பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு ‘வெட்டப்பட்டது’ என்பது பொருள். பழைய ஐரோப்பியக் குதிரை வண்டியில் நால்வர் எதிரெதிரே அமர இரண்டு ஆசனங்கள் உண்டு. அவற்றுள் முன் ஆசனத்தை வெட்டி நீக்கி, இருவர் மட்டும் அமரும்படி குறுக்கிய வண்டியே கூபே. குதிரை போய் இயந்திரம் வந்த பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. மலாயாவிலும் இதுவே நடந்தது. குதிரையைப் பேணிய ஆளுக்குச் ‘சைஸ்’ என்று பெயர். கார் வந்த பின்பு காரோட்டிக்கும் அப்பெயரே நிலைத்தது. வண்டி மாறினும் அதைப் பேணும் கை மாறவில்லை என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன அன்றோ?

இன்று ‘லிட்டில் இந்தியா’ என வழங்கும் பகுதி 19-ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தொழிலின் நிலையமாயிருந்தது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும், கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு, லெம்பு ரோடு என்னும் தெருப்பெயர்களும் அதற்குச் சான்று பகரும். அதை அடுத்து 1840-களில் குதிரைப் பந்தயத் திடலும் ஏற்பட்டது. மாடும் குதிரையும் உள்ள இடத்தில் வண்டியும் இருக்கும். வண்டி உள்ள இடத்தில் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டவும், அச்சுக்கு மசகு இடவும், ஒடிந்த ஆரக்காலுக்கு மாற்று ஆரக்கால் செதுக்கவும் ஆள் வேண்டும். பட்டை பூட்டுவோன் இரும்பைக் காய்ச்சி, அது விரிந்த வேளையில் மரச்சக்கரத்தின்மேல் இறக்கி, நீர் ஊற்றிக் குளிர்வித்து இறுக வைப்பான். சூட்டில் இரும்பு விரியும், குளிரில் சுருங்கும் என்ற பௌதிக உண்மையை அவன் பள்ளியில் படித்தவனல்லன். ஆயினும் அவன் கை அதை அறிந்திருந்தது.

இத்தகைய ஊருக்கு 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் மோட்டார் கார் வந்திறங்கியது. காட்ஸ் சகோதரர் கம்பெனியார் ஜெர்மனியிலிருந்து தருவித்த பென்ஸ் வண்டி அது. சிங்கப்பூரின் பழங்கதைகளைத் தொகுத்து நூலாக்கிய சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்பார் வைத்திருந்த பென்ஸ் காருக்கு, அது எழுப்பிய ஓசை கருதி ‘காப்பி இயந்திரம்’ என்று ஊரார் பெயரிட்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஜி. எம். டேர் அம்மையார் சிங்கப்பூரில் கார் ஓட்டிய முதல் பெண்மணியாக விளங்கினார். ‘எஸ் 1’ என்பது அவருடைய காரின் பதிவெண். ஆண்களே அஞ்சி ஒதுங்கிய காலத்தில் அவர் தாமே ஓட்டியதோடு நில்லாமல், ஹசன் பின் முகம்மது என்னும் மலாய்க்காரருக்கும் கற்பித்தார். ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் மலாய்க்காரர் அவரே என்பர். இயந்திரம் ஆணுக்கு உரியது, பெண்ணுக்கு உரியதன்று என்னும் பேச்சு எவ்வளவு பொருளற்றது என்பதற்கு, காரின் வரலாறு தொடங்கும்போதே சான்று கிடைத்துவிட்டது.

அந்நாளில் தெருவுக்கொரு பெட்ரோல் நிலையமோ பழுது பார்க்கும் பட்டறையோ கிடையாது. வழியில் கார் நின்றுவிட்டால், ஓட்டியவரே இறங்கிக் காரணம் தேட வேண்டும். ஆகவே ஓட்டுதல் வேறு, பழுது பார்த்தல் வேறு என்ற பிரிவு அன்று இல்லை. கார் வைத்திருப்போர் அதன் உள்ளுறுப்புகளை ஓரளவேனும் அறிந்தே தீரவேண்டியிருந்தது.

நிற்க. கார் ஓடுவதற்கு இயந்திரம் மட்டும் போதுமோ? 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே 1877-ல் இலண்டனிலிருந்து வந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழியில் வந்த மரங்கள் நின்றன. மரம் சாகாமல், சீவிய இடத்திலேயே தொடர்ந்து சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி சோதித்து நிலைநாட்டினார். 1908-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் ‘மாடல் டி’ காரை வெளியிட்ட பின், உலகெங்கும் டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டுக் குடியானவர்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேறி அத்தோட்டங்களின் லயங்களுக்கு வந்தனர்.

பால்மரம் சீவுவது தாழ்ந்த வேலை என்று நம்மவரே சொல்லிக்கொள்வதுண்டு. விடியுமுன் எழுந்து, மங்கிய விளக்கொளியில், கட்டை காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லிய இழையாகச் சீவி எடுப்பது எவ்வளவு நுட்பமான தொழில் என்பதைச் சீவியவரே அறிவர். கத்தி சற்று ஆழ்ந்தால் மரத்தில் புண் விழுந்து முடிச்சேறும். சற்று மேலோடினால் பால் குறையும். கார் பழுது பார்ப்போனின் விரலுக்கு வேண்டிய அளவறிவு இதுவே. உலகத்தின் கார்கள் ஓடிய டயருக்குப் பால் தந்த கைகளில் நம் தாய்மாரின் கைகளும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

சிங்கப்பூரில் 1906-ல் வேர்ன் சகோதரர்கள் மோட்டார் வியாபாரத்தைத் தொடங்கினர். 1926-ல் ஃபோர்டு கம்பெனியின் மலாயாக் கிளை ஏற்பட்டது. அக்கம்பெனி புக்கிட் தீமாவில் கட்டிய பெரிய தொழிற்சாலை 1941 அக்டோபரில் முடிவுற்றது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், அதே கட்டடத்தில்தான் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடையக் கையெழுத்திட்டது. கார் பூட்டக் கட்டிய கூடத்தில் ஜப்பானிய இராணுவத்துக்கு லாரிகள் பூட்டப்பட்டன. யுத்தம் முடிந்து 1947-ல் மீண்டும் கார் பூட்டும் பணி தொடங்கி, 1980-ல் ஆலை மூடப்பட்டது. இன்று அக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாய் நிற்கிறது.

யுத்த காலத்தில் புதிய உறுப்பு என்ற பேச்சே இல்லை. ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் பூட்டுவதும், இல்லாததை அடித்துச் செய்துகொள்வதும் வழக்கமாயின. யுத்தத்துக்குப் பின்னரும் அக்கையறிவு தொடர்ந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் பட்டறைகளில் மலையாளிகளும் தமிழர்களும் திரளாக வேலை செய்தனர். தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஜாலான் புசாரையும் ரோச்சோர்க் கால்வாயையும் சுற்றிய தெருக்களில், இரும்புச் சாமான் கடைகளும் மோட்டார் உறுப்புக் கடைகளும் நிறைந்திருந்தன. சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் தரையில் விரித்த கித்தான்மேல், பழைய ஸ்பானர் முதல் கடிகாரச் சக்கரம் வரை கிடைக்கும். சுமார் 80 ஆண்டுகள் நடந்த அச்சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு முடிவுற்றது. ஒருவர் எறிந்ததை மற்றொருவர் எடுத்துப் பயன்கொண்ட பொருளாதாரம் ஒன்று அன்றோடு அவ்விடத்தை விட்டு அகன்றது.

இனிக் கூபேயிடம் வருவோம். 1961 மார்ச்சு மாதம் ஜெனீவாக் கண்காட்சியில் இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனியார் ‘இ-டைப்’ என்னும் காரை வெளியிட்டனர். நீண்ட மூக்கும், பின்னால் சரியும் கூரையும் கொண்ட அக்கார் கண்டாரை மயக்கிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் ரோட்டில் முதன்முதலாகக் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கென அமைத்த பாதையன்று அது. மக்கள் நாள்தோறும் செல்லும் ரோடே பந்தய நாட்களில் மூடப்பட்டது. அவ்வோட்டப்பாதையில் 1962-ல் யோங் நாம் கீ என்பார் ‘இ-டைப்’ காரை ஓட்டி வெற்றி பெற்றார். 1973 வரை அப்பந்தயம் நடந்தது. விபத்து அச்சமும் போக்குவரத்து இடையூறும் கருதிப் பின்பு கைவிடப்பட்டது. அக்காலப் பந்தய ஓட்டிகளில் பலர் உள்ளூர்க்காரர். அவர்களும் அவர்கள் நண்பர்களுமே இரவெல்லாம் கண்விழித்து இயந்திரத்தைச் சீர்செய்து, பகலில் ஓட்டினர்.

அவ்வகைக் கார் ஒன்று இன்று நம் கைக்கு வந்தால் அதைச் சீர்திருத்துவது எங்ஙனம்? ஒன்றைக் கழற்றுமுன் அது இருந்த நிலையைப் படம் பிடித்து, ஒவ்வொரு போல்ட்டும் நட்டும் எங்கிருந்து வந்தன என்று சீட்டெழுதித் தனித்தனிப் பெட்டியில் இடவேண்டும். கழற்ற ஒரு நாள் ஆகும்; பூட்ட இரண்டு வருஷமும் ஆகலாம். இடையில் நினைவு நம்மைக் கைவிடும். எழுதி வைத்தது கைவிடாது.

அடுத்த பகை துரு. இக்காரின் நடுவுடலுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தகடுகளே சேர்ந்து பெட்டிபோல் பலம் தருகின்றன. கதவின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டில்தான் அப்பலம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. நீர் வடியும் துளைகள் தூசியால் அடைபட்டால், வெளியே பெயின்டு பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் சிங்கப்பூரில் இதைக் கூறவும் வேண்டுமோ? அரித்த தகட்டை அவசரப்பட்டு வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, கதவு பொருந்தாமற் போகும். ஆதலின் முதலில் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலை அசையாமல் நிறுத்திக்கொண்டு, ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறு பக்கத்தைத் தொடவேண்டும். வீட்டின் தூணை மாற்றுவோர் முதலில் முட்டுக் கொடுப்பது போன்றதே இது.

பின் பிரேக்குகளோ சக்கரத்தருகில் இல்லை. நடுவிலுள்ள பின்னச்சுப் பெட்டியை ஒட்டி அமைந்திருக்கின்றன. பெரிய பழுதென்றால் பின்பகுதியைச் சட்டத்தோடு கீழே இறக்க நேரும். பிரேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பல வருஷம் மாற்றாமல் விட்டால் உருளையின் உட்சுவர் அரித்து, மிதித்தும் கார் நில்லாது. எனவே ஓடச் செய்யும் வேலைக்கு முன்னே நிற்கச் செய்யும் வேலையை முடிப்பதே அறிவுடைமை. முதலில் வந்த 3.8 லிட்டர்க் கார்களில் பாட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். இக்காலக் கார்களில் எதிர்முனை. இவ்வேறுபாட்டை அறியாமல் புதிய கருவியொன்றை மாட்டினால் அது கருகிப்போவது உறுதி.

கார்புரேட்டர் அதில் மூன்று உண்டு. மூன்றும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயருகிலும் வைத்து, சீறும் ஓசை மூன்றிலும் ஒத்திருக்கும்வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புவர். தம்புராவுக்குச் சுருதி கூட்டுவோனின் பொறுமை இதற்கு வேண்டும். தீப்பொறி தரும் காண்டாக்டு முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஒரு கடிதத் தாள் மூன்று நான்கை அடுக்கினால் உண்டாகும் கனம். வீட்டில் இவ்வேலை செய்வோர் மூன்றை மறக்கலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகாமல், உறுதியான தாங்கிகளை வைத்த பின்பே புகவேண்டும். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் நெருப்பு ஆகாது. பழைய பிரேக்குப் பட்டையின் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாமாதலால் அதை ஊதிப் பறக்க விடலாகாது.

இவ்வளவு உழைப்பையும் இடுவோன் சட்டத்தின் முன் எங்கே நிற்கிறான்? 1975-ல் ஏற்பட்ட ஒரு திட்டத்தின்படி, பத்தாண்டுக்குள் காரைப் பதிவு நீக்குவோருக்குக் கழிவுத் தொகை கிடைக்கிறது. 1990 மே மாதம் முதல், கார் வாங்குவோர் ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன் ஆயுள் பத்தாண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அச்சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போயிற்று. காரின் விலை அதற்குப் புறம்பு. 2018 பிப்ரவரி முதல் கார்களின் தொகை மேற்கொண்டு பெருகலாகாது என்று நிறுத்தப்பட்டது. பத்தாண்டு கடந்த காருக்குச் சாலை வரி ஆண்டுதோறும் ஏறும்; பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு. 35 ஆண்டு கடந்த பழங்கார்களுக்குச் சலுகைத் திட்டம் இருப்பினும், அதில் சேர்ந்த காரை ஆண்டில் 45 நாட்களே ஓட்டலாம்.

இவ்விதிகளை நாம் குறைகூறவில்லை. சுமார் 735 சதுர கிலோமீட்டரில் 60 லட்சம் மக்கள் வாழும் தீவில், விரும்பியோரெல்லாம் கார் வைத்திருந்தால் நடக்க இடமிராது; மூச்சுவிடக் காற்றும் இராது. பேருந்திலும் ரயிலிலும் செல்வோரே பெரும்பாலோர். அவர்கள் நலமே பெரிது. ஆயினும் நல்ல விதிக்கும் ஒரு நிழல் உண்டு. பத்தாண்டில் போகப்போகிற பொருளை ஆழ்ந்து பழுது பார்க்க எவன் கற்றுக்கொள்வான்? உறுப்பை அவிழ்த்துச் சீர்செய்வதினும் முழுதாக மாற்றுவதே இலாபம் என்றாகிவிடுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். காரைப் பிரித்துப் போட முற்றமில்லை. சமையலறை மேசைமேல் பத்திரிகைத் தாளை விரித்துக் கார்புரேட்டரைத் துடைப்பதே வீட்டு வேலையின் எல்லை. 2030 முதல் பதிவாகும் புதிய கார்கள் யாவும் தூய எரிசக்தியில் ஓடுவனவாக இருக்கவேண்டும் என அரசாங்கம் அறிவித்திருக்கிறது. உலகின் நலத்துக்கு அது வேண்டுவதே. ஆனால் ஓசையைக் கேட்டே நோயறியும் முதிய மெக்கானிக்குகளின் அறிவு, அவர்களோடு எழுதப்படாமல் மறைவதும் வேண்டுவதாகுமோ?

இங்கே நம் சமூகத்தின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கை அழுக்கானால் குலம் தாழும் என்று நெடுங்காலம் நம்மவர் நம்பினர். இரும்படிப்போனையும் தோல் தைப்போனையும் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் செய்த வண்டியில் ஏறிச் செல்ல மட்டும் கூசவில்லை. இந்த மயக்கத்தைத் தம் வாழ்வால் உடைத்தவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். லங்காஷயர் என்னும் வெள்ளை அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊர் சுற்றினாரோ? இல்லை, அதை முழுதும் பிரித்து, மீண்டும் பூட்டினார். அப்படிக் கற்ற கையே 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டது. பின்னர்ப் பெரிய மோட்டார்ப் போக்குவரத்து நிறுவனத்தையும் தொழிற்சாலைகளையும் தோற்றுவித்தது. அவர் பெயரால் கோயம்புத்தூரில் அமைந்த கார் அருங்காட்சியகத்தில் பழங்கார்கள் சீர்செய்து நிறுத்தப்பட்டிருக்கின்றன.

நம்மில் எத்தனை பேருக்குப் பழைய கூபே வாங்கும் வசதி உண்டு? மிகச் சிலருக்கே. அதற்காகப் பொறாமை கொள்ளவும் வேண்டா. அதை அடையக் கடன்படவும் வேண்டா. அக்காரினின்று நாம் கற்கவேண்டிய பாடத்துக்குக் காசு தேவையில்லை. வீட்டில் ஒரு மின்விசிறி நின்றால், ஒரு தையல் இயந்திரம் சிக்கினால், ஒரு சைக்கிளின் சங்கிலி கழன்றால், உடனே வேறு வாங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைப் பிரித்துப் பார்க்கலாம். மகனை மட்டுமன்றி மகளையும் அருகிலமர்த்திக் காட்டலாம். தோட்டத்து லாரியை ஓட்டிய பாட்டனாரோ கடற்படைத் தளத்தில் பிட்டராயிருந்த மாமனோ வீட்டில் இருந்தால், அவர் அறிந்ததைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். தொழிற்கல்வி நிலையத்துக்குச் செல்லும் பிள்ளையைக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையினும் தாழ்வாகப் பேசுவதை இன்றோடு விட்டொழிக்கலாம்.

உரிமைச் சீட்டுக்குப் பத்தாண்டு. நல்ல எஃகுக்கு நூறாண்டு. கைமாற்றிக் கொடுக்கப்பட்ட தொழிலறிவுக்கோ முடிவே இல்லை. கொடுப்பார் இருந்தும் கொள்வார் இல்லையேல் அதுவும் ஒரு தலைமுறையில் அவிந்துவிடும். சீவுங்கத்தியும் சுத்தியலும் பிடித்து இந்நாட்டின் சக்கரங்களைச் சுழலவிட்ட மக்களின் வழிவந்தோர் நாம். அக்கைகளுக்குரிய மரியாதையைச் சொல்லால் மட்டும் செலுத்தாமல், நம் பிள்ளைகளின் விரல்களில் செலுத்துவோமாக.